எடெல்மிரா சொன்ன நான்கு நிமிடம்

எடெல்மிரா கோரியை நேரில் பார்ப்பதற்கு மூன்று நாள் முன்பே அவருடைய விளையாட்டுக்கு நூற்றுக்கு முப்பது மதிப்பெண் போட்டிருந்தேன். அதைச் செய்தவர் ஒரு பெண் என்பதே எனக்குத் தெரியாது. விளையாட்டின் முகப்பில் 'கடல்பக்கம்' என்று மட்டும் இருந்தது. லிமாவில் கடல்பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் யார் என்று மலைமேட்டில் பிறந்த எங்களுக்குத் தெரியும். பணக்காரப் பையன்கள் நாலு பேர் எங்கள் பேட்டைகளைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, எங்கள் பிழைப்பை விளையாட்டாக்கி விற்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் ஒரு உற்சாகம் வந்தது. அந்த உற்சாகத்தில்தான் எழுதினேன்.

விளையாட்டு இதுதான். நீங்கள் ஒரு தெருமூலையில் அட்டையும் பேனாவுமாக நிற்கும் நிமிடக்காரி. மினி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும். ஒவ்வொன்றும் கடந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து வரும் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி "எவ்வளவு?" என்பார். போட்டி வண்டி எத்தனை நிமிடத்துக்கு முன் போயிற்று என்று சொல்ல வேண்டும். நாலு என்றால் அவர் நிதானமாகப் போவார்; நிறுத்தங்களில் ஆள் சேர்ந்திருக்கும். ஒன்று என்றால் விரட்டுவார். முன்னால் போகிறவன் எல்லாரையும் அள்ளிக்கொள்வதற்குள் அவனைத் தாண்டியாக வேண்டும். சொன்னதற்கு ஒரு நாணயம் விழும். வண்டி திருப்பத்தில் மறையும். அதற்குப் பிறகு அதற்கு என்ன ஆயிற்று என்று விளையாட்டு உங்களுக்குக் காட்டாது. எண்ணின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எண்ணை மாற்றலாம், அதாவது பொய் சொல்லலாம். பொய் சொன்னாலும் திரையில் எதுவும் மாறாது.

இதைத்தான் நான் கிழித்தேன். விளையாடுபவர் செய்ததற்கு விளைவு என்ன என்று காட்டாதது விளையாட்டே அல்ல என்றேன். முதல் அரைமணி நேரம் கொட்டாவி வருகிறது, எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது, ஏழாவது நாளில் எல்லாம் உறைந்து நிற்கிறது என்றேன். இதுவரை நியாயம்தான். பிறகு இப்படி எழுதினேன்: "என் அப்பா இந்த நகரத்தில் பத்தொன்பது வருடமாக மினி பஸ் ஓட்டுகிறார். நிமிடக்காரர்கள் ஓட்டுநரிடம் பொய் சொல்வதில்லை. சொன்னால் ஒரே நாளில் மூலையை இழப்பார்கள். இதைச் செய்தவர் எந்த மூலையிலும் ஒரு மணி நேரம்கூட நின்றதில்லை."

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் அப்பாவின் தொழிலை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். விமர்சனத்தில் மட்டும் அதை எடுத்துத் தடிபோல ஓங்கினேன். இது இப்போது தோன்றுவது. அன்று தோன்றவில்லை.

திங்கட்கிழமை அது ஒரு மெக்சிகோ இணையதளத்தில் வந்தது. புதன்கிழமை என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது.

"யெர்சன் தம்பி, உங்க அப்பா தெயோஃபிலோ மாஸ்டருக்குத் தினமும் நிமிஷம் சொல்றவ நான்தான். கடல்பக்கம்ங்கறதும் நான்தான். நாளைக்குக் காலையில ஆறரைக்கு மூலைக்கு வா. எந்த மூலைன்னு உங்கப்பாகிட்ட கேட்காத. தேசியக் கொடி வரைஞ்ச டயர் கடை எதிர்ல."

வியாழன் காலை தூறிக்கொண்டிருந்தது. டயர் கடை எதிரில் நாற்பத்து நாலு வயதுப் பெண் ஒருவர், ஆண்கள் போடும் நீல மழைக்கோட்டில், அட்டையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் மூலிகைக் கஷாய வண்டி. கஷாயக்காரர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இவனா அந்த முப்பது மார்க்கு?"

"இவன்தான்" என்றார் எடெல்மிரா. "வாங்க விமர்சகரே. கொட்டாவி வந்தா வாய மூடிக்கங்க, புகை உள்ள போயிடும்."

அட்டையில் இரண்டு பத்திகள். ஒன்றின் தலைப்பு 'மலைப்பக்கம்', மற்றது 'கடல்பக்கம்'. வண்டிகள் போகும் திசை. இருபத்தைந்து வருடமாக அவர் நிற்பது கடலை நோக்கிப் போகும் வண்டிகளுக்கான ஓரத்தில். பெயர் அங்கிருந்து வந்தது. எனக்குக் காது சூடானது.

"மார்க்குக்காக உன்னக் கூப்பிடல" என்றார், கண் சாலையிலேயே இருந்தது. "எழுத்து பொடிசுன்ன, சரி. ஏழாவது நாள் நின்னுபோகுதுன்ன, நேத்து உட்கார்ந்து சரிபண்ணிட்டேன். ஆனா மூலையில நின்னதே இல்லன்னியே. வந்து என் கால்ல நரம்பு சுருண்டிருக்கறதப் பாரு."

பத்தொன்பது வயதில், கால் முறிந்த ஒருவருக்குப் பதிலாக ஒரு வாரம் நிற்க வந்தவர். அந்த ஆள் திரும்பவே இல்லை. காலை ஐந்து முதல் பதினொன்று வரை மூலை. பிற்பகலில் எட்டு கணினிகள் உள்ள ஒரு இணைய மையத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே வரும் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துப் பார்த்து, எப்படிச் செய்கிறார்கள் என்று தேடி, ஆறு வருடம் தனியாக உட்கார்ந்து செய்த விளையாட்டு அது. இதையெல்லாம் அவர் வரிசையாகச் சொல்லவில்லை. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் துண்டு துண்டாகச் சொன்னார். வண்டி வந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார்.

முதல் அரைமணி நேரம் எனக்குச் சலித்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏழு பதினொன்றுக்கு ஒரு சிவப்பு வண்டி கடந்தது. அவர் எழுதியதை நான் பார்த்தேன். ஏழு பன்னிரண்டுக்கு ஒரு பச்சை வண்டி வந்தது. ஓட்டுநர் தலையை நீட்டினார். "எவ்வளவும்மா?"

"நாலு."

"அக்கா, ஒண்ணுதான…"

என் கால் நசுங்கியது. அவர் மிதித்திருந்தார். நாணயம் அவர் கையில் விழுந்தது. பச்சை வண்டி நிதானமாகக் கிளம்பியது.

"சத்தமா பேசாத" என்றார். குரல் மாறியிருந்தது. கஷாயக்காரர் டம்ளர் கழுவுவதில் மும்முரமானார்.

நான் காத்திருந்தேன். இரண்டு வண்டிகள் போன பிறகு சொன்னார்.

"லுஸ்மிலான்னு ஒரு கண்டக்டர் பொண்ணு. தினமும் எனக்கு ஒரு ஆரஞ்சு வீசிட்டுப் போவா. பதினோரு வருஷம் முன்னாடி ஒரு நாள், அவ வண்டிக்காரர் எவ்வளவுன்னு கேட்டாரு. ஒண்ணுன்னேன். ஒண்ணுதான் இருந்துச்சு. வண்டி பறந்துச்சு. பாலத்துத் தூண்ல போய் இடிச்சுது. நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. அதுக்கப்புறம் பதினேழு வண்டிக்கு நிமிஷம் சொல்லிட்டேன். பதினெட்டாவது வண்டிக்காரன்தான் சொன்னான், லுஸ்மிலா போயிட்டான்னு."

"அதனால…"

"அதனால ஒண்ணு, ரெண்டு எல்லாம் என் வாயில வராது. அட்டையில சரியாத்தான் எழுதறேன். வாய் நாலுங்கும்."

பாலம் அங்கிருந்து ஆறு நிறுத்தம். மூலையிலிருந்து தெரியாது. விளையாட்டிலும் தெரியாது.

"எங்கப்பாகிட்டயும் நாலுதானா?"

"உங்கப்பாகிட்டயும்தான்."

அப்பா சில நாட்கள் வீட்டுக்கு வந்து, இன்று நிறுத்தங்களில் ஆளே இல்லை, எல்லாரும் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார்கள் என்று புலம்புவார். அன்று குழம்பில் கோழி இருக்காது. அந்த நாட்களில் பாதியாவது இந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்தவை. எனக்குக் கோபம் வந்தது. அப்பா பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட எங்கும் மோதியதில்லை என்பதும் அதே நொடியில் நினைவுக்கு வந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இதை நான் எழுதறேன் அக்கா. நான் சொன்னது தப்பு, இதைச் செஞ்சவங்க…"

"எழுதுவ. மூலைக்காரி பொய் சொல்றாங்கறது நெசந்தான்னு எழுதுவ. உங்கப்பா எந்த லைன்ல ஓட்டறாருன்னு பார்த்தா எந்த மூலைன்னு தெரிஞ்சுடும். மறுநாள் இங்க வேற ஒருத்தன் நிப்பான். ஒண்ணுன்னா அவன் ஒண்ணும்பான்." மூக்கை மழைக்கோட்டின் கையில் துடைத்தார். "விளையாட்டுன்னா விளையாட்டுத்தானன்னு விட்டுடுவாங்க. விமர்சகர் எழுதினா சாட்சி."

"அப்போ நான் என்ன பண்ணணும்?"

"எனக்கென்ன தெரியும்? நீதான் படிச்சவன்."

என் மதிப்பெண்ணால் நடக்கவிருந்தது இது: கைபேசி விளையாட்டுகளை விற்கும் ஒரு பெரிய கடை, தென் அமெரிக்க விளையாட்டுகளுக்கென்று ஒரு வாரம் ஒதுக்கியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, விமர்சகர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி அறுபது இருந்தால் 'கடல்பக்கம்' அந்தப் பட்டியலில் வரும். வராவிட்டால் அது கடையின் அடியில் எங்கோ கிடக்கும், யாரும் தோண்டி எடுக்க மாட்டார்கள். ஐந்து பேர் எழுதியிருந்தோம். மற்ற நால்வரும் அறுபதுக்கு மேல் போட்டிருந்தார்கள். என் முப்பதோடு சேர்த்தால் ஐம்பத்தெட்டு.

ஏழு நாற்பத்தொன்றுக்கு மறுபடி ஒரு சிவப்பு வண்டி போயிற்று. ஏழு நாற்பத்திரண்டுக்கு அப்பாவின் வண்டி வந்தது.

"எவ்வளவும்மா?"

"நாலு, மாஸ்டரு."

அப்பா நாணயத்தை நீட்டும்போதுதான் என்னைப் பார்த்தார். "நீ இங்க என்னடா பண்ற?"

"கஷாயம் குடிக்க வந்தேன்பா."

"வீட்டுல கொடுத்தா குடிக்க மாட்ட. ஏறு, ஏறு."

எடெல்மிரா என்னைப் பார்க்கவில்லை. ஏறி ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்தேன். பெண் கண்டக்டர் சாரோ கதவில் தொங்கியபடி "ஏறு ஏறு ஏறு, உள்ள போங்க, பின்னாடி கால்பந்தே ஆடலாம்" என்று கத்தினார். பின்னால் கால் வைக்க இடமில்லை.

அப்பா நிதானமாக ஓட்டினார். இரண்டாவது நிறுத்தத்தில் ஒருவர் மட்டும் நின்றிருந்தார். மூன்றாவதில் யாரும் இல்லை. நான்காவதில் கூடையோடு ஒரு பெண் ஏறினார்.

"என்னம்மா, நீ மட்டுந்தானா? மத்தவங்கல்லாம் எங்க?" என்றார் சாரோ.

"இப்பதான செவப்பு வண்டி வாரிட்டுப் போச்சு. என் கூடைக்கு இடமில்லன்னுட்டான்."

அப்பாவின் கழுத்து நிமிர்ந்தது. "இப்பதானா? இப்பன்னா எப்போ?"

"இப்பதான்யா. அந்தா, புகைகூட அடங்கல."

"மாஸ்டரு, விரட்டு" என்றார் சாரோ. "பாலத்துக்குள்ள பிடிச்சுடலாம். அந்தப் பக்கம் சந்தைக் கூட்டம் பூரா அவன்கிட்டப் போயிடும்."

அப்பாவின் வலது கால் ஆக்சிலேட்டர்மேல் இருந்தது. இன்னும் அழுத்தவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"டேய், நீ அங்கதான நின்ன. நாலுதானா?"

ஐம்பது பேருக்கு மேல் வண்டியில் இருந்தார்கள். ஒருத்தி குழந்தைக்குப் பால் புட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிறுத்தத்துக்கு அப்பால் பாலம். பாலத்தின் தூணை நான் ஆயிரம் தடவை கடந்திருக்கிறேன், ஒரு தடவையும் பார்த்ததில்லை. ஏழு நாற்பத்தொன்று என்று எழுதிய அட்டை என் கண்ணிலேயே இருந்தது. அப்பாவிடம் நான் சின்னச் சின்னப் பொய்கள் சொன்னதுண்டு. அவருடைய தொழிலில் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை.

"நாலுதான்பா" என்றேன். "நான் பார்த்தேன். கூடையப் பார்த்துக்கிட்டு நின்னா நேரம் போறது தெரியாது."

கூடைக்காரப் பெண் என்னை முறைத்தார். "எனக்கு நேரம் தெரியாதா? வந்துட்டாரு கடிகாரம்."

வண்டியில் சிலர் சிரித்தார்கள். அப்பா கண்ணாடியில் இன்னும் ஒரு கணம் பார்த்தார். பிறகு கியரை மாற்றினார், கீழே. "நாலுன்னா எங்க பிடிக்கறது. விடு சாரோ." பாலத்தை நாங்கள் மெதுவாகத்தான் கடந்தோம். சொன்ன பொய் எதைத் தடுத்தது என்று எனக்குத் தெரியாது. எதையும் தடுக்காமலும் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ள வழியே இல்லை. இதைத்தான் குறை என்று எழுதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் முழுக்க என் விமர்சனத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கடுமையாக எழுதியது தவறென்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. மோசமான விளையாட்டை மோசம் என்று சொல்ல வேண்டும். ஆனால் நான் கையில் வைத்திருந்த அளவுகோல், பெரிய நிறுவனங்கள் இருநூறு பேரை வைத்துச் செய்யும் விளையாட்டுகளிலிருந்து எடுத்தது. என்ன செய்தாலும் உடனே பலன் காட்டு, இல்லையென்றால் நீ தோல்வி. சில விளையாட்டுகள் எதைக் காட்டாமல் விடுகின்றனவோ அதற்காகவே செய்யப்பட்டவை என்று நான் யோசிக்கவில்லை. அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருந்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினேன், அதற்கு அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

நாலரை மணிக்குத் தளத்தின் ஆசிரியர் பெர்லாவைக் கூப்பிட்டேன். முப்பதை மாற்ற வேண்டும் என்றேன்.

"மாத்த முடியாது" என்றார். "வெளியான நம்பர மாத்தினா நாளைக்கு எல்லா கம்பெனிக்காரனும் வாசல்ல வந்து நிப்பான். வேணும்னா விமர்சனத்தையே எடுக்கலாம். ஆனா ஏன் எடுத்தோம்னு அதே இடத்துல உன் பேரோட எழுதணும்."

"காரணத்த முழுசா சொல்ல முடியாது."

"யாராவது காசு கொடுத்தாங்களா?"

"இல்ல."

"காதலா?"

"பெர்லா, அவங்களுக்கு என் அம்மா வயசு."

"அப்போ காரணம் என்னப்பா? காரணம் சொல்லாம எடுக்கற விமர்சகன நான் அடுத்த வாரம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எழுதச் சொல்றது? எடுக்கணும்னா எடுக்கறேன். ஆனா இனிமே உனக்கு இங்க வேலை தர்றது கஷ்டம். அதையும் கேட்டுக்க."

அந்தத் தளத்தில் என் பெயர் வருவதைத்தான் படிப்புக்குக் கிடைத்த பலன் என்று அம்மா எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். ஐந்து இருபது வரை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். 'இதைச் செய்தவர் இருபத்தைந்து வருடம்' என்று தொடங்கினேன், அழித்தேன். 'நிமிடக்காரர்களும் சில சமயம்' என்று தொடங்கினேன், அதையும் அழித்தேன். எது எழுதினாலும் அது டயர் கடை எதிரில் போய் நின்றது. கடைசியில் மிஞ்சியது இது:

"இந்த விளையாட்டைச் செய்தவர் எந்த மூலையிலும் நின்றதில்லை என்று எழுதினேன். அதை எழுத எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. எழுத்து சிறியது, தொடக்கம் சலிப்பானது என்பவை இப்போதும் என் கருத்துகள். மற்றவற்றை மதிப்பிட்டபோது நான் விளையாட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே இந்த விமர்சனத்தைத் திரும்பப் பெறுகிறேன்."

ஐந்து நாற்பதுக்கு விமர்சனம் மறைந்தது. ஐந்து ஐம்பதுக்குக் கடையின் பக்கத்தில் சராசரி இன்னும் ஐம்பத்தெட்டு. ஐந்து ஐம்பத்தைந்துக்கும் அதே. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தபோது ஆறு நாலு. அறுபத்தைந்து என்று இருந்தது. பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடம்.

எடெல்மிராவிடமிருந்து ஒரே வரி: "எழுத்தையும் பெருசாக்கிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகுதான் நான் எண்ணிப் பார்க்காதது நடந்தது. அப்பா தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். "சாரோ சொன்னா, நம்ம தொழிலப் பத்தி ஒரு விளையாட்டு வந்திருக்காம். இறக்கிக் கொடு."

இறக்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

பெரிய விரல்களால் தடுமாறித் தடுமாறி விளையாடினார். "டேய், நம்ம மூலை மாதிரியே இருக்குடா. கஷாய வண்டிகூட இருக்கு." சிரித்தார். கொஞ்ச நேரத்தில், "இதென்ன, எண்ணு மாறுது?"

"அழுத்திப் பிடிச்சா மாறும்பா. பொய் சொல்லலாம்."

"எதுக்கு?"

"தெரியல. விளையாடறவங்க இஷ்டம்."

காப்பி ஆறியது. விளையாட்டில் ஒரு வண்டி வந்து நின்று 'எவ்வளவு' என்று கேட்கும் ஒலி வந்தது. அப்பாவின் கட்டைவிரல் திரைமேல் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. என்ன அழுத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை, உள்ளங்கை மறைத்திருந்தது. நாணயம் விழும் ஒலி மட்டும் கேட்டது. இன்னும் ஒரு மணி நேரம் விளையாடினார். பிறகு கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார்.

"செஞ்சவங்களுக்குத் தொழில் தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை நானும் வண்டியில் ஏறினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. டயர் கடை நெருங்கும்போது எடெல்மிரா அட்டையில் ஏதோ எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். முன்னால் சிவப்பு வண்டியின் புகை தூறலில் கலைந்துகொண்டிருந்தது. அப்பா நிறுத்தினார். வழக்கமாக அரை நொடிதான் நிற்பார். அன்று கியரிலிருந்து கையை எடுத்தார்.

"எவ்வளவும்மா?"

எடெல்மிரா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அட்டை மார்போடு ஒட்டியிருந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"நாலு, மாஸ்டரு."

அப்பா அந்த அட்டையைப் பார்த்தார். கையை நீட்டினால் திருப்பிப் பார்த்துவிடலாம், அவ்வளவு அருகில் இருந்தது. அவர் கையை நீட்டினார். அதில் நாணயம் இருந்தது.

"நாலுன்னா நாலு" என்றார்.

முதல் நிறுத்தத்தில் ஒருவர். இரண்டாவதில் யாரும் இல்லை. "எல்லாரும் மோட்டார் சைக்கிள் வாங்கிட்டாங்க" என்றார் அப்பா, யாரிடமும் இல்லாமல். சாரோ, "விரட்டலாமா மாஸ்டரு?" என்று கேட்டார். அப்பா சாலையைப் பார்த்தபடி நிதானமாக ஓட்டினார். நான் அவருடைய வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலம் தாண்டும்வரை அது அழுத்தவில்லை.